ட்ராக்குக்கு எந்த பிரேக் பேட், ரோட்டரை எப்படிக் காப்பாற்றுவது? மார்த்தாண்டம் தம்பிக்கு ஒரு பதில்

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் வைத்திருக்கிறார், இன்ஜினில் எந்த மாற்றமும் செய்யவில்லை. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் முதல் தடவையாக, சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே போயிருக்கிறார். நான்காவது லேப்பில் பிரேக் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் 90, 100 வேகத்தில் பிரேக்கைத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. முன் ரோட்டர் இரண்டும், அதாவது பேட் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டுகள், ஊதா நிறமாகி நிற்கின்றன. இங்கே ஒரு கடையில் காட்டியதற்கு, ரோட்டர் வளைந்துவிட்டது, துளை போட்ட ரோட்டரும் ரேசிங் பேடும் போட்டுவிடலாம் என்றார்களாம். எந்த பேட் வாங்குவது, ரோட்டர் ஒவ்வொரு தடவையும் இப்படிப் போகாமல் இருக்க என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, பேட் பெயரைச் சொல்லும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த நான்காவது லேப்பில் பெடல் காலுக்கு அடியில் எப்படி இருந்தது? கல் மாதிரி கெட்டியாக நின்று, எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்ததா? இல்லை, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரைவரைக்கும் போனதா? இரண்டும் வேறு வேறு நோய். பெடல் கெட்டியாக இருந்தால் பேட் சூடு தாங்காமல் பிடிப்பை விட்டுவிட்டது என்று அர்த்தம். பெடல் கீழே போயிருந்தால் பேட் மீது குற்றம் இல்லை. பிரேக் ஆயில், பேடை ரோட்டர் மீது அழுத்தும் காலிப்பருக்குள் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. திரவத்தை அழுத்த முடியாது, குமிழை அழுத்த முடியும், அதனால்தான் பெடல் இறங்குகிறது. முதல் தடவை ட்ராக் போகிறவர்களில் பலருக்கு நடப்பது இந்த இரண்டாவது கதைதான். அவர்கள் ஊருக்கு வந்ததும் விலை கூடின பேட் வாங்கிப் போட்டு, அதே ஆயிலோடு மறுபடியும் போய், மறுபடியும் தரையைத் தொடுகிறார்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஆசான் கோட்டாறில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று வண்டி வந்தால் ஜாக்கியைத் தொடவே மாட்டார். "மக்கா, பெடல் நிக்குதா, போகுதா? அதை மொதல்ல சொல்லு" என்பார். முப்பது வருஷமாக நான் கேட்பதும் அதே கேள்விதான்.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், அப்போதுதான் மற்றதெல்லாம் புரியும். உங்களையும் சேர்த்து வண்டி 1,100 கிலோ. நேர்ப்பாதை முடிவில் 140 வேகத்தில் இருந்து 60-க்குக் குறைக்கிறீர்கள். அந்த ஒரு மிதியில் சுமார் 680 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அடுப்பில் வைத்த 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது, மூன்று நொடிக்குள். முன்சக்கரங்கள் ஏறக்குறைய 70 சதவீதத்தை வாங்கிக்கொள்ளும். ஒரு ரோட்டர் 5 கிலோ என்று வையுங்கள். அந்த ஒரே மிதியில் முன் ரோட்டர்களின் சூடு கிட்டத்தட்ட 100 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது. அடுத்த வளைவு வருவதற்குள் காற்று அதில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொண்டு போகும். மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். ஒரு லேப்பில் இப்படி மூன்று நான்கு மிதி என்றால், சில லேப்பிலேயே ரோட்டர் 400, 500 டிகிரியைத் தொட்டுவிடும்.

இதையே நமக்குத் தெரிந்த பொன்முடி இறக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 22 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, பிரேக் வாசனை வருகிறது என்று வண்டியை நிறுத்துகிறோம் இல்லையா, அங்கே ஒரு வளைவுக்கு 50-இல் இருந்து 20-க்குக் குறைத்தால் செலவாவது ட்ராக் மிதியில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மலையில் நன்றாகப் பிடிக்கிற பேட் ட்ராக்கிலும் பிடிக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆயிலை முதலில் முடித்துவிடுவோம், இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறி. டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. இதெல்லாம் மூடியைத் திறந்த நாளைய கணக்கு. இந்த ஆயிலுக்குக் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் டாட் 3-க்கான அளவு 140, டாட் 4-க்கு 155, 5.1-க்கு 180. எவ்வளவு இறங்குகிறது பாருங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, வருஷத்தில் இரண்டு மழைக்காலம். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டிகளில் இரண்டு வருஷ ஆயிலைப் பிடித்து விட்டால் கருந்தேநீர் மாதிரி வரும். அதோடு ட்ராக்குக்குப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான்.

ஆகவே ட்ராக்குக்குப் போகும் வாரத்தில் புது டாட் 4 அல்லது 5.1 ஆயில் முழுவதும் மாற்றி, காற்று இல்லாமல் பிளீட் செய்யுங்கள். 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேசிங் ஆயிலும் கிடைக்கிறது. அது நல்லதுதான், ஆனால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும் என்பதால் உங்களுக்கு இப்போது கட்டாயமில்லை. போன வருஷம் திறந்த டின்னில் மிச்சம் இருக்கிறது என்று எடுக்காதீர்கள், அது மூடிக்குள்ளேயே ஈரம் குடித்திருக்கும். டாட் 5 என்று இன்னொன்று உண்டு, அது சிலிகான், பெயர்தான் 5.1 மாதிரி. அதை இதோடு கலக்கவே கூடாது.

சரி, பேடுக்கு வருவோம்.

கம்பெனியில் இருந்து வந்த பேட் குளிரில் பிடிக்க வேண்டும், சத்தம் போடக் கூடாது, தூசி விடக் கூடாது, ரோட்டரைத் தின்னக் கூடாது, ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று செய்தது. அது கெட்ட பேட் இல்லை. அதன் வேலை வேறு. 300, 350 டிகிரியைத் தாண்டினால் அதில் இருக்கும் பிசின் ஆவியாகத் தொடங்கும். அந்த வாயு பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவே மெத்தை போட்டதுபோல் நின்றுவிடும், பிடிப்பு போய்விடும். இன்னும் சூடானால் பேடின் பொருளே மெழுகு மாதிரி ரோட்டரில் தடவிக்கொள்ளும். உங்கள் ஸ்டீயரிங் உதறலுக்கு மூலம் இதுதான் என்று நினைக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முழு ரேசிங் பேட் இதற்கு நேர் எதிர். 600, 700 டிகிரியிலும் அசராது. ஆனால் குளிர்ந்திருக்கும்போது பாதிப் பிடிப்பு, கூடவே அரம் மாதிரி ரோட்டரை அராவும். காலையில் வெட்டூர்ணிமடம் சந்திப்பில் பால் வண்டிக்காரர் குறுக்கே வந்தால் நிற்க வேண்டியது இந்தக் குளிர்ந்த பேடை நம்பித்தான். பள்ளிக்கூட வாசலில் கீச்சென்று அலறும், அது வேறு. தெருவில் ஓட்டும் வண்டிக்கு முழு ரேசிங் பேட் போடச் சொல்கிற யாரையும் நான் நம்புவதில்லை.

நடுவில் ஒரு வகை உண்டு. தெருவிலும் பிடிக்கும், ட்ராக்கில் 15, 20 நிமிட ஓட்டத்தையும் தாங்கும். ஃபெரோடோ டிஎஸ்2500, ஈபிசி எல்லோஸ்டஃப், ஹாக் எச்பி ப்ளஸ் எல்லாம் இந்தக் குடும்பம். உங்கள் வண்டிக்கு இந்த வகைதான் என் பதில். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ட்ராக், மிச்ச நாள் மார்த்தாண்டம் நாகர்கோவில் ஓட்டம் என்றால் இதற்கு மேலே போக வேண்டாம். லேப் நேரம் குறைந்து, டயரும் நல்லதாகி, இந்த பேடும் பின்வாங்கத் தொடங்கினால் அப்போது ட்ராக்குக்கென்று தனி பேட் வாங்கலாம். இன்றைக்கே வேண்டாம். உங்கள் காலிப்பர் அளவுக்கு எது கிடைக்கிறது என்பதும் ஒரு கேள்விதான். இறக்குமதி பேடில் நம் ஊர் ஹேட்ச்பேக்குக்கு எல்லா வகையும் வருவதில்லை. பழைய பேடைக் கழற்றிக் கொண்டுபோய், பின்தகட்டின் வடிவத்தை மேலே வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

(ஃபெரோடோ பற்றி ஒரு சின்னக் கதை. 1897-இல் இங்கிலாந்தின் டெர்பிஷையரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் தொடங்கிய கம்பெனி. மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து அடித்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். நம் ஊர் வண்டிக்காரர்கள் சக்கரக் கட்டையில் பழைய டயர்த் துண்டை வைத்து அடிப்பார்களே, அதே புத்தி.)

பேட் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறியை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கடைசியில் இரண்டு எழுத்து இருக்கும், முதலாவது சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது கூடின சூட்டில் உராய்வு. இ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. எஃப்-இ என்று இருந்தால் சூட்டில் குறைகிறது என்று புரிந்துகொண்டு ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தச் சோதனையே 350 டிகிரிக்குக் கீழே முடிந்துவிடுகிறது. உங்கள் பிரச்சினை தொடங்குவதே அதற்கு மேலேதான். எனவே இரண்டு ஜி போட்டிருக்கிறது என்று ட்ராக்குக்கு வாங்கிவிடாதீர்கள். கம்பெனி தன் பேடுக்குச் சொல்லும் வெப்ப வரம்பையும், அதே வண்டியை ஓட்டுகிற இன்னொருவரின் அனுபவத்தையும் கேளுங்கள்.

உராய்வு கூடின பேட் வாங்கினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்பதும் பாதி உண்மைதான். ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு உங்களால் இப்போதே மிதிக்க முடிகிறது என்றால், நிறுத்துவது டயர். பேட் செய்ய வேண்டியது பத்தாவது லேப்பிலும் முதல் லேப் மாதிரியே நடந்துகொள்வது, அவ்வளவுதான்.

இனி ரோட்டர். "வளைந்துவிட்டது" என்று கடையில் சொன்னதை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு என் சொந்த வண்டியில் இதே உதறல். சென்னை இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் ஓட்டிவிட்டு, வண்டிகள் நிற்கும் பேடக்கில் வந்து நிறுத்தியதும் பழக்கதோஷத்தில் பெடலை மிதித்தபடியே இரண்டு நிமிஷம் பக்கத்தில் நின்றவரோடு பேசிக்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டும் முன்பே ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. ஊரில் லேத்தில் கொடுத்துச் சீவினேன். நன்றாகத்தான் இருந்தது, ஒரு மாதம். மறுபடியும் அதே இடத்தில் அதே உதறல். மறுபடியும் சீவினேன். மூன்றாவது தடவை லேத்காரர் சிரித்துவிட்டார்.

அப்புறம் ஒரு நாள் பொறுமையாக மைக்ரோமீட்டரை எடுத்து, ரோட்டரைச் சுற்றி எட்டு இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, ஓரத்தில் இருந்து ஒரே தூரத்தில் அளந்தேன். ஏழு இடத்தில் 20.61, 20.62. எட்டாவது இடத்தில் 20.65. வித்தியாசம் நூறில் மூன்று மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லியது, கைக்குப் பட்டால்கூடத் தெரியாது. சக்கரம் சுற்றும்போது அந்தத் தடித்த இடம் பேடுக்குள் வரும் ஒவ்வொரு தடவையும் பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளுகிறது, அதுதான் ஸ்டீயரிங்கில் உதறலாக வருகிறது. அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நீலங்கலந்த கருப்பாக, சரியாக ஒரு பேடின் வடிவத்தில் ஒரு தழும்பு. நான் பேசிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிஷம், இரும்பில் பதிந்து கிடந்தது.

நடந்தது இதுதான். சூடான பேடை ஓரிடத்தில் அழுத்தி வைத்தால் அதன் பொருள் அங்கே அப்பிக்கொள்கிறது. அப்பிய இடம் மற்ற இடத்தைவிட அதிகம் உராய்ந்து அதிகம் சூடாகிறது. 650 டிகிரிக்கு மேலே போனால் அந்த இடத்து வார்ப்பிரும்பின் அமைப்பே மாறி, சிமென்டைட் என்ற கடினமான பொருள் ஆகிவிடுகிறது. அது தேயாது. சுற்றி இருப்பது தேயத் தேய அது மேடாக நிற்கும். லேத்தில் மேற்பரப்பைச் சீவினாலும் அதன் வேர் உள்ளே இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப எழும்பும். வெறும் படிவு மட்டும் இருக்கும்போதே பிடித்துவிட்டால் எமெரி தாளால் தேய்த்தோ, சூடு தாங்கும் பேடைப் போட்டு மறுபடி பெட்டிங் (பேடை ரோட்டரோடு பழக்கும் வேலை, கீழே சொல்கிறேன்) செய்தோ சரிசெய்யலாம். உங்கள் வண்டி இன்னும் இந்த நிலையில் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஊதா நிறம் என்பது சூடு ஏறியதற்கான அடையாளம், ரோட்டர் செத்ததற்கான அடையாளம் இல்லை.

உதறலுக்கு இன்னொரு காரணத்தையும் பார்த்துவிடுங்கள். ஏர் கன்னை வைத்து வீல் நட்டைக் கண்டபடி இறுக்கினால் ரோட்டர், சக்கரம் மாட்டும் ஹப்பில் சாய்ந்து உட்காரும். ஹப் முகத்தில் துரு இருந்தாலும் அப்படித்தான். கம்பி பிரஷ்ஷால் ஹப்பைச் சுத்தம் செய்து, வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மனநிம்மதி.

துளை போட்ட ரோட்டர் வேண்டாம். பார்க்க அழகுதான். ஆனால் சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது விரிசல் தொடங்குவது அந்தத் துளை ஓரத்தில்தான், இரும்பின் எடையும் குறைகிறது. மேலே போட்ட கணக்கை நினைவில் வையுங்கள், சூட்டை வாங்கிக்கொள்வது இரும்பின் எடைதான். கோடு வெட்டிய ரோட்டர் பரவாயில்லை, வாயுவும் தூசியும் வெளியேறும், பேட் முகம் பளபளப்பாகாது, பதிலுக்கு பேடைக் கொஞ்சம் வேகமாகத் தின்னும். உங்களுக்கு என் சிபாரிசு, கம்பெனி அளவிலேயே நல்ல வார்ப்பில் வரும் சாதா ரோட்டர். இந்தச் சின்ன வண்டிகளுக்கு அது மலிவு. மலிவான பொருள் தேயட்டும். ட்ராக் வண்டியில் ஏதோ ஒன்று தேய்ந்தே தீரும், எது தேய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

எப்போது மாற்றுவது? ரோட்டரின் நடுமேட்டிலோ ஓரத்திலோ குறைந்தபட்சத் தடிமன் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் புதிதில் இருந்து 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி. 22 என்று தொடங்கியது 20-இல் முடிந்துவிடும். ட்ராக் ஓட்டுகிறவர் அந்த எல்லைவரை போகக் கூடாது, அரை மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடுங்கள். வெர்னியரை நேராக வைத்தால் ஓரத்தில் தேயாமல் நிற்கும் வரப்பையும் சேர்த்து அளந்துவிடும், அதனால் மைக்ரோமீட்டர் நல்லது. மேற்பரப்பில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது சூட்டில் வருவது. நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டினால், அல்லது ஒரு கோடு வெளி ஓரத்தையோ உள் ஓரத்தையோ தொட்டால், அன்றைக்கே கழற்றிவிட வேண்டும். அந்த ரோட்டரோடு இன்னொரு லேப் கிடையாது.

புது பேட், புது ரோட்டர் போட்டதும் பெட்டிங் செய்யாமல் ட்ராக்கில் இறங்காதீர்கள். பேடின் பொருளை ரோட்டர் முழுக்க மெல்லிய, ஒரே சீரான படலமாகப் பூச வைப்பதுதான் பெட்டிங். விடிகாலையில் காலியான நாற்கர சாலை, காவல்கிணறு பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே நீண்ட நேர்ப்பாதை இருக்கிறது. கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு 80-இல் இருந்து 30 வரை அழுத்தமாகக் குறைக்கவும், முழுதாக நிறுத்த வேண்டாம். உடனே வேகமெடுத்து மறுபடியும். எட்டுப் பத்து தடவை. நடுவில் ஒரு கருகல் வாசனை வரும், பிடிப்பு லேசாகக் குறையும், அது இயல்பு. பிறகு பிரேக்கையே தொடாமல் பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்கள். ரோட்டர் முகம் ஒரே மாதிரி சாம்பல் நிறமாக இருந்தால் வேலை முடிந்தது. சில கம்பெனிகள் வேறு முறை சொல்லும், அப்படியானால் அவர்கள் சொன்னதையே செய்யுங்கள். வாகனம் ஓடுகிற சாலையில் இதைச் செய்ய மனமில்லை என்றால் ட்ராக்கில் முதல் ஓட்டத்தை இதற்கென்றே ஒதுக்கிவிடலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பின்னாளில் தெருவுக்கு ஒன்று, ட்ராக்குக்கு ஒன்று என்று இரண்டு பேட் வைத்துக்கொண்டால் ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு பேட் பூசிய படலத்தின் மீது வேறொரு ரசாயனத்தில் செய்த பேடை ஓட்டினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரே கம்பெனியின் ஒரே குடும்பத்து பேடாக இருந்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். இல்லை என்றால் அந்தந்த பேடுக்கு அந்தந்த ரோட்டர் என்று ஜோடி போட்டு, ரோட்டரில் மார்க்கரால் எழுதி வைத்து, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நாகர்கோவிலில் இருந்து கோயம்புத்தூருக்கு 400 கிலோமீட்டருக்கு மேல். ட்ராக் பேடைப் போட்டுக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்தால், அது குளிரிலேயே அராவி அராவி, ட்ராக்கில் செய்வதைவிட அதிகமாக வழியிலேயே ரோட்டரைத் தேய்த்துவிடும். ஆகவே பேடை டிக்கியில் கொண்டுபோய் பேடக்கில் மாற்றுங்கள். இரண்டு போல்ட், பிஸ்டனைத் தள்ள ஒரு சி கிளாம்ப், அரை மணி நேரம். மாற்றியதும் வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக்க மறக்காதீர்கள். மறந்தவர்கள் உண்டு, சுவரில் முட்டியவர்களும் உண்டு.

பேடின் தடிமனும் கவனிக்க வேண்டியது. தெருவில் 3 மில்லிமீட்டர்வரை ஓட்டலாம். ட்ராக்குக்குப் புதிதில் பாதி இருந்தால்தான் இறங்க வேண்டும். பேட்தான் ரோட்டர் சூட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் சுவர். சுவர் மெலிந்தால் சூடு நேராக ஆயிலுக்குப் போகும், பிறகு பெடல் தரைக்குப் போகும்.

ஓட்டும் விதத்தில் சொல்ல ஒன்றிரண்டுதான். தொட்டுத்தொட்டு நீளமாகப் பிடிக்காதீர்கள், அழுத்தமாக, சுருக்கமாகப் பிடித்து விடுங்கள். ஆகும் வெப்பம் ஒன்றுதான், ஆனால் ரோட்டருக்கு ஆறுவதற்கான நேரம் கூடுகிறது. 5 லேப் வேகம், 2 லேப் நிதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி லேப்பை முடிந்தவரை பிரேக் தொடாமல் ஓட்டி உள்ளே வாருங்கள். நிறுத்திய பின் பெடலில் கால் வைக்காதீர்கள், ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து வண்டியைக் கால் சுற்று முன்னால் உருட்டி விடுங்கள். இதைச் செய்யாததற்கு நான் கட்டிய அபராதம்தான் மேலே சொன்ன தழும்பு. வெந்த ரோட்டரில் தண்ணீர் ஊற்றும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன், அதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அது விரிசலாகத் தானே பேசும்.

ஊருக்கு வந்த பிறகு நம் மாவட்டத்துக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. சூடு தாங்கும் பேடில் இரும்புத் தூள் அதிகம். ட்ராக்கில் இருந்து வந்த அலாய் வீலில் படிந்திருக்கும் அந்தத் தூசி, உப்புக்காற்று பட்டால் இரண்டே நாளில் துருப்புள்ளியாகப் பதிந்துவிடும். வந்த அன்றே, வீல் ஆறிய பிறகு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. கழுவிய ஈரத்தோடு அப்படியே ஷெட்டில் விட்டால் பேட் ரோட்டரோடு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் எடுக்கும்போது டப்பென்று பிய்ந்து ஒரு பேட் அச்சு ரோட்டரில் விழும். கழுவியதும் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துக் காயவைத்து நிறுத்துங்கள்.

கடல்காற்று இன்னொன்றும் செய்யும். காலிப்பரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகும். பின் இறுகினால் உள்பக்க பேட் மட்டும் தேயும், அல்லது பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் மெலியும், ரோட்டரின் ஒரு முகம் மட்டும் வேகும். முன்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் காலிப்பரைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி மாதிரி போக வேண்டும். போகவில்லை என்றால் பின்னை எடுத்துத் துடைத்து, சூடு தாங்கும் சிலிகான் கிரீஸ் பூசுங்கள். சாதா வீல் கிரீஸ் போட்டால் ரப்பர் பூட் ஊதிப் போகும்.

மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் கடற்கரை ஓரமாக வண்டியை நிறுத்துகிறவர் என்றால் மணலையும் பாருங்கள். அங்கே கருப்பும் சிவப்புமாக மின்னுகிற மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யவே பயன்படுகிற கல் அது. ஒரு சிட்டிகை பேடுக்குள் மாட்டினால் ரோட்டரைச் சுற்றிக் கிராமபோன் தட்டு மாதிரி வரி விழும். ட்ராக்குக்குப் போகும் முன் பேடைக் கழற்றி முகத்தைத் தடவிப் பாருங்கள், மினுங்கும் துணுக்கு இருந்தால் ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு வரிசை இதுதான். முதலில் ஆயில். பிறகு ஸ்லைடு பின்னும் ஹப்பும் சுத்தம். பிறகு ரோட்டரை எட்டு இடத்தில் அளந்து எழுதுங்கள். தடிமன் எல்லைக்கு மேலே நன்றாக இருந்து, விரிசல் இல்லாமல் இருந்தால், எமெரி தாளால் இரண்டு முகத்தையும் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து, நடுத்தர வகை பேடைப் போட்டு பெட்டிங் செய்யுங்கள். உதறல் போய்விட்டால் ரோட்டர் காசு மிச்சம். போகவில்லை, அதே இடத்தில் நீலத் தழும்பு திரும்ப எழும்புகிறது என்றால் லேத்துக்குக் கொண்டுபோய் என்னை மாதிரி மூன்று தடவை செலவு செய்யாமல், சாதா ரோட்டர் ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பின் பிரேக் டிரம் என்றால் அதை இப்போதைக்குத் தொட வேண்டாம், ஷூ தடிமன் மட்டும் பார்த்தால் போதும்.

எட்டு இடத்து அளவும், ரோட்டரில் அச்சாகியிருக்கும் அந்தக் குறைந்தபட்ச எண்ணும், கூடவே பெடல் நின்றதா போனதா என்பதும் கைக்கு வந்ததும் எழுதுங்கள் தம்பி. மிச்சத்தை அதை வைத்துப் பேசுவோம்.